உதட்டில் காயமில்லை

சென்னை
12.6.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கயல் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. போனில் கூப்பிட்டால் நீ வர மாட்டேன் என்கிறாய் என்று அம்மா சொன்னாள். வந்தாலும் இப்போதிருக்கும் குரலில் உன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கு அருகே வந்து நின்றபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் கிளம்பிப் போகும் வரை திரும்பவே இல்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் நான் படிப்பது திசுக்களைப் பற்றி. உணவுக்குழாய் என்பது வெறும் ரப்பர் குழாய் மாதிரி இல்லை, அக்கா. உள்பக்கம் தட்டையான செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். தினமும் சோறும் குழம்பும் உரசிப் போவதைத் தாங்குவதற்கு. அதன் கீழே ரத்தக்குழாய்களும் சுரப்பிகளும் இருக்கிற மெத்தென்ற அடுக்கு. அதற்கும் கீழே தசை. அமிலம் பட்டால் மேலடுக்கைக் கருக்கிவிட்டு, பெரும்பாலும் இரைப்பைக்குப் போய்விடும். காரம், அதாவது காஸ்டிக் சோடா மாதிரியானது, அப்படி இல்லை. திசுவைக் கரைத்துக்கொண்டே தசை வரைக்கும் இறங்கும். உங்கள் பீங்கான் கம்பெனியில் மண்கூழை இளக்குவதற்கு ஊற்றுகிற காரத் தண்ணீர் உனக்குச் செய்தது இதைத்தான். தசை வரை வெந்த இடம் ஆறும்போது தழும்பாக இறுகும். குழாய் சுருங்கும். இனிமேல் உனக்கு இருக்கிற பாடு அதுதான்.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்த ரிப்போர்ட்டை நான் படித்தேன். உன் உதட்டில் காயமில்லை. நாக்கின் முன்பாதியில் காயமில்லை. கன்னத்தின் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது. தொண்டைக்குக் கீழேதான் எல்லாம் வெந்திருக்கிறது. தெரியாமல் வாயில் வைத்தவர் எரிந்ததும் துப்புவார், அவருக்கு வாய்தான் வேகும். தெரிந்து குடித்தவர் மடக்கென்று விழுங்கிவிடுவார், அவருக்கு வாய் தப்பித்துவிடும். எங்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. டியூட்டி டாக்டரும் கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதினார். நீ வீடு திரும்பியதும் மாமா போனில் கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். குழந்தை வாசுகி கொஞ்ச நாள் கருவேப்பிலங்குறிச்சியில் அவள் அப்பாவைப் பெற்ற ஆயா வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

உனக்கு அவ்வளவு கஷ்டம் இருந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா. மனசுக்கு என்று டாக்டர்கள் இருக்கிறார்கள். நானே கூட்டிப் போகிறேன்.

உன்
கயல்விழி


விருத்தாசலம்
20.6.2004

கயலு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. அதை விட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன்.

வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அம்மா கஞ்சித் தண்ணீரை வடிகட்டித் தருகிறாள், நானே ஊற்றிக்கொள்கிறேன். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த அழகில் உன் கடிதத்தைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அடுக்கு அடுக்காக விளக்கியிருக்கிறாய். உன் அக்கா எந்த அடுக்கில் இருக்கிறாள் என்றுதான் உனக்குத் தெரியவில்லை.

மாமா போனில் கேட்டார், நான் படித்ததைச் சொன்னேன் என்கிறாய். நீ சொன்னதற்கு மறுநாள் உன் மாமா கோவிந்தராசு அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "உன் தங்கச்சியே டாக்டரு. அவளே சொல்லிட்டா. இன்னுமா நடிக்கிற?" என்றார். என் மாமியார் வீராயி இருக்கிறாளே, அவள் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி, "சாவத் துணிஞ்சவ கையில பொட்டப்புள்ளய வுட முடியாது. நாளைக்கு அதுக்கும் சேத்து ஊத்துவா" என்றாள். வாசுகியின் பள்ளிக்கூடப் பையையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டார்கள். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். என்னால் திருப்பிக் கத்த முடியவில்லை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் அவரோடு சண்டை போட்டேன் என்பது உண்மை. எதற்குத் தெரியுமா? கருவாட்டுக் குழம்பில் உப்பு கரிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். நான் அதை எடுத்து வீசியதில் தட்டு நசுங்கியது. கருவாட்டுக் குழம்புக்காகச் சாவதென்றால் இந்தத் தெருவில் பொம்பளை ஒருத்தி மிஞ்ச மாட்டாள்.

கம்பெனி முதலாளிக்கு நிம்மதி. குடும்பத் தகராறு என்று போலீஸில் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அம்மா, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வரலாம் என்கிறாள். நான் வர மாட்டேன் என்றுவிட்டேன். என்ன நடந்தது என்று நான் சீட்டெழுதிக் கொடுத்துத்தான் சாமிக்குத் தெரிய வேண்டுமா? அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறது நீங்கள்தான்.

மனசுக்கு டாக்டர் வேண்டுமாம். என் மனசு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. என் பிள்ளை வேண்டும். அதை மட்டும் பார்.

அம்சவல்லி


சென்னை
27.6.2004

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நான் சொன்னதை வைத்து வாசுகியைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. நீ சொல்லு. முழுசாக.

கயல்


விருத்தாசலம்
8.7.2004

கயலு,

நான் சொல்லவில்லை என்கிறாய். நீ கேட்டாயா? ரிப்போர்ட்டைத்தான் கேட்டு வாங்கிப் படித்தாய். சரி, இப்போது கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

சித்திரை மாதம். சூளை பிரித்த நாள். வெளியே வெயில், உள்ளே சூளையின் அனல். ஃபியூஸ் கட்டைகளை இறக்கி, பிசிறு தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரைப் பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் பிடித்து ஜன்னலோரம் வைத்திருப்பார்கள். ஓடிப்போய் ஒன்றை எடுத்தேன். பத்துப் பேர் குடிக்கிற பாட்டில், எவளும் எச்சில் பண்ண மாட்டாள். எச்சில் பண்ணினால் கூட வேலை பார்க்கிற பாஞ்சாலை கையை ஒடித்துவிடுவாள். அண்ணாந்து ஊற்றினேன். இருந்த தாகத்தில் மடமடவென்று போனது. இரண்டு மடக்கு உள்ளே இறங்கிய பிறகுதான் நெஞ்சுக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பாட்டிலைப் போட்டுவிட்டு மண்ணில் உருண்டேன். யாரோ காரத் தண்ணீரைக் கரைத்து அதே மாதிரி பாட்டிலில் ஊற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாஞ்சாலைதான் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டவள். அவளும் சொன்னாள், கேட்பார் இல்லை.

இவ்வளவுதான் கதை. இதைச் சொல்வதற்கு உனக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு கடிதம்.

போன வாரம் நானே கம்பெனி வாசலுக்குப் போனேன். குரல் வரவில்லை என்றால் என்ன, பாட்டில் வந்தது. காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களைக் கயிற்றில் கட்டி கேட்டில் மாலை மாதிரி தொங்கவிட்டேன். மேஸ்திரி வந்து, "ஏம்மா, பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்றான். பாஞ்சாலை உள்ளேயிருந்து, "பைத்தியம் அவளுக்கா, பாட்டில்ல காரத்த ஊத்துனவனுக்கா?" என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இப்போது காரத் தண்ணீருக்குச் சிவப்பு டிரம் வந்திருக்கிறது, பூட்டுப் போட்டு.

புதுச்சேரியில் தொண்டை வழியாகக் கம்பி மாதிரி ஒன்றை விட்டு விரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். உயிர் போய் உயிர் வருகிறது. டாக்டர் லட்சுமிநாராயணன் நல்ல மனுஷன். "வலிச்சா கைய தூக்குங்கம்மா" என்றார். நான் தூக்கவில்லை. இந்த வலிக்கெல்லாம் கை தூக்கி நிறுத்தச் சொன்னால், சாகத் துணிந்தவள் என்று வீராயி சொன்னது நிஜமாகிவிடும்.

அம்சவல்லி


சென்னை
19.7.2004

அக்கா, அக்கா,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அண்ணாந்து ஊற்றினேன் என்று எழுதியிருந்தாயே. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நானும் அப்படித்தானே குடித்து வளர்ந்தேன். ஹாஸ்டலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு பாட்டில், அதில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம். ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

அன்று சாயங்காலமே என் அறைத்தோழி சாருலதாவைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் டெல்லியில் வளர்ந்தவள், அண்ணாந்து குடிக்கச் சொன்னால் மூக்கில் ஏறும். தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கரைத்தோம். அவள் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாள். நான் அண்ணாந்து குடித்தேன். அப்புறம் டார்ச் அடித்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். அவளுக்கு உதடு, பல், ஈறு, நாக்கு நுனி, கன்னம் எல்லாம் ஆரஞ்சு. எனக்கு உதட்டில் பொட்டுக்கூட இல்லை. அடிநாக்கிலும் தொண்டையிலும் மட்டும் கலர். ஹாஸ்டலில் இருக்கிற தமிழ்ப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு அண்ணாந்து குடிக்க வைத்தேன். அத்தனை பேருக்கும் என்னை மாதிரியேதான். வார்டன் வந்து இது என்ன கூத்து என்று திட்டிவிட்டுப் போனார்.

அக்கா, நாம் அண்ணாந்து குடிக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊற்றிக்கொண்டே விழுங்குகிறோம். தண்ணீர் நாக்கு நுனியைத் தொடுவதே இல்லை. ருசி தெரியாது, சூடு தெரியாது, காரமும் தெரியாது. தொண்டையின் பின்சுவரைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் விழுங்குவது நம் இஷ்டத்தில் இல்லை, அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். துப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றும்போது அது உன் இரைப்பை வாசலில் இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதினவர்கள் வாய் வைத்துக் குடிக்கிற ஊர்க்காரர்கள். அவர்கள் ஊர்க் காயத்தை வைத்து உன் மனசை அளந்தோம்.

துறையின் வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். பேராசிரியர், "நல்ல யோசனைதான். ஆனா சொந்த அக்கா விஷயம், நீங்க எமோஷனல் ஆகுறீங்க" என்றார். இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வியா என்றார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு, மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார். கூட்டமே கொல்லென்று சிரித்தது. அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. "சார், உங்க உதட்டுல ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன். என் வாய்க்கு இன்டர்னல் மார்க்கில் என்ன கிடைக்கும் என்று போகப் போகத்தான் தெரியும். கிடைக்கட்டும்.

மாதக் கடைசி சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போய் டாக்டர் லட்சுமிநாராயணனைப் பார்க்கிறேன்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ இன்னும் திட்டுவாய். முதலில் செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

கயல்


விருத்தாசலம்
30.7.2004

கயலு,

படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கேசரிப் பவுடர் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்தது. சிரித்தால் வயிற்றுக் குழாய் இழுக்கிறது, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். உன் ஆரஞ்சுத் தண்ணீர் சரியென்று சொல்வதற்கு முன்னாலேயே நான் சொன்னது சரிதான். நீ கண்டுபிடித்ததால் அது உண்மையாகவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

அம்சா


சென்னை
4.8.2004

அக்கா,

முடிந்தது. டாக்டர் முழுசாகக் கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அண்ணாந்து குடித்துப் பார்த்தார். "நானும் தஞ்சாவூர்க்காரன்தாம்மா. கேஸ் ஷீட்டுல எழுதும்போது இது ஞாபகம் வரலியே யாருக்கும்" என்றார். தவறுதலாகக் குடித்தது, காயத்தின் அமைப்பு அதற்குப் பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. போலீஸுக்கும் அனுப்புவதாகச் சொன்னார்.

நானே மாமாவிடம் போனில் பேசினேன். "அப்ப நீ அன்னிக்கு சொன்னது?" என்றார். தப்பு என்றேன். "டாக்டருங்க ஆளுக்கொண்ணு சொல்லுவீங்க, நாங்க எத நம்புறது?" என்றார். உன் மாமியார், கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினால் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்கிறாராம்.

அடுத்த மாதம் பரீட்சை முடிகிறது. நான் வந்ததும் இரண்டு பேரும் பேப்பரோடு போவோம். அதுவரை பொறுத்துக்கொள். தனியாகப் போய்ச் சண்டை போடாதே, உடம்பு தாங்காது.

கயல்


விருத்தாசலம்
17.8.2004

அன்புள்ள கயலுக்கு,

போட்டுவிட்டேன் பார், அன்புள்ள. ரொம்பத் துள்ளாதே.

பொறுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுக் குழாயை மடித்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டேன். அம்மா தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தாள். விரித்து விரித்து இப்போது தண்ணீரும் நீர்த்த கஞ்சியும் இறங்குகிறது; குரலும் கரகரவென்று கொஞ்சம் வருகிறது. சண்டை போட அது போதும்.

வாசலில் வீராயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டு, "கற்பூரம் கொண்டாந்தியா?" என்றாள்.

"எதுக்கு?"

"சத்தியம் பண்ண."

"நான் எதுக்குப் பண்ணணும்? எம் புள்ளய தூக்கினு வந்தது நீங்க. திருடுனவங்கதான் சத்தியம் பண்ணணும்" என்றேன்.

அவ்வளவுதான், பக்கத்து வீடு எதிர்வீடு எல்லாம் கூடிவிட்டது. உன் மாமா உள்ளேயிருந்து வந்தார். ஆள் இளைத்துத்தான் போயிருக்கிறார், பரிதாபப்பட எனக்கு நேரமில்லை. "டாக்டரு பேப்பரு குடுத்தாராமே, எடு பாப்பம்" என்றார். பேப்பர் பையில்தான் இருந்தது. கை ஜிப்பில் இருந்தது. காட்டக்கூடாது என்று ஒரு வீம்பு. நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், என் பேச்சைவிட ஒரு பேப்பர் பெரிசா என்று கேட்கத் தோன்றியது. ஆனாலும் பிள்ளை வேண்டுமே. எடுத்திருப்பேன், கயலு. உண்மையைச் சொல்கிறேன், எடுத்திருப்பேன்.

அப்போதுதான் வாசுகி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். தலையில் பேன் சீப்பு, பாதி பின்னிய ஜடை. வந்தவள் என்மேல் விழவில்லை. நேராக எனக்கு முன்னால் வந்து, அவள் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"நான்தான் சொன்னேனே. எங்கம்மா ஊசி போடவே அழுவும். மாத்தரய பொடி பண்ணி வெல்லத்துல வச்சாதான் முழுங்கும். அது எப்படி சாவ மருந்து குடிக்கும்? நான் எத்தன தடவ சொன்னேன்!" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "ஆமாம்மா, வந்ததுலேந்து இதயேதான் சொல்லினு இருந்திச்சி. சொல்ற நாளெல்லாம் வாங்கிக் கட்டிக்கும். அப்பயும் வுடாது."

பிள்ளையின் காலைப் பார்த்தேன். விளக்குமாற்றுக் கோடு. அதைப் பார்த்த பிறகு நான் அங்கே என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன், நீ படித்த பெண். பேச்சு முடிந்தபோது வீராயி உளுந்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் மாமா பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஏறியதும் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "நானும் வரட்டா?" என்றார். "அத அவகிட்ட கேளுங்க" என்றேன். கேட்டார். வாசுகி யோசித்துவிட்டு, "இப்ப வாணாம். அப்புறமா வா" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

பேப்பரை யாருக்கும் காட்டவில்லை. முதலாளிக்கும் போலீஸுக்கும் வேண்டுமானால் அது தேவைப்படும், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். சித்திக்கு என்றேன். "ஆயாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, சரி. சித்திக்கு உன்னத் தெரியுமே. அது ஏம்மா நம்புச்சி?" என்று கேட்கிறாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பரீட்சை முடிந்ததும் நீயே வந்து அவளிடம் சொல்லு. காத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா
அம்சவல்லி